கிடங்குக்குள் ஒரு கோயில்

ஓட்டோ பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது அப்பாவின் மடியிலிருந்த தேங்காய் உருண்டு சாரதியின் காலடிக்குப் போய்விட்டது. அடுத்த கலர் லைட்டில் அவர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

“கோவிலட்டத அங்கிள்?” என்று சிங்களத்தில் கேட்டார். கோயிலுக்கா என்று.

“ஓவ், ஓவ். பரண கோவிலக்!” என்றார் அப்பா. பழைய கோயில் என்று சொன்னது போதாதென்று, விரலால் ஓட்டோவின் தரையைக் காட்டி, “பொலவ யட்ட!” என்றும் சேர்த்துக்கொண்டார். பூமிக்கு அடியில்!

சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக் காலி வீதியைப் பார்த்தேன். தொண்டைக்குள் ஒரு சிரிப்பு வந்து குந்தியிருந்தது. வாயைத் திறந்தால் வெளியே பாய்ந்துவிடும்.

அப்பா இஸ்திரி போட்ட வேட்டி கட்டியிருந்தார். நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனம். பையில் கற்பூரம், எங்கள் ஃபிளாட் வேலியில் பிடுங்கிய செவ்வரத்தம்பூ, ஒரு டோர்ச், அளவு நாடா, பெயின்ட் அடிக்கிற பிரஷ். கல்லில் எழுத்து இருந்தால் மண்ணைத் தட்டிப் பார்ப்பதற்குத்தான் பிரஷ்.

போகிற வீடு யாருடையது என்று அந்த ஓட்டோவுக்குள் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதைவிடப் பெரிய விஷயம், அப்பா என்னோடு கதைத்துக்கொண்டு வந்தார். பல மாதங்களாக எங்களுக்குள் பேச்சு இல்லை. ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே, அவர் அம்மாவிடம் சொல்லுவார், அம்மா என்னிடம் சொல்லுவார், நான் அம்மாவிடம் பதில் சொல்லுவேன். அன்றைய சந்தோஷப் புளுகத்தில் கோபத்தை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

“பிள்ளை, உள்ளுக்கு எழுத்து இருந்தால் நீ ஃபோட்டோ எடு. கை நடுங்காமல் எடு, என்ன?”

“ஓம் அப்பா.”

அந்த ‘பிள்ளை’யைக் கேட்டதும் எனக்கு அழுகையும் வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் தும்மலாகத்தான் வெளியேறும் போலிருக்கிறது. கொள்ளுப்பிட்டி வரைக்கும் தும்மிக்கொண்டே போனேன்.

வல அங்கிள்

அப்பா ஓய்வுபெற்ற படவரைஞர். காலமெல்லாம் மற்றவர்களின் வீட்டுக்குப் படம் கீறியவருக்கு, ஓய்வுக்குப் பிறகு நிலத்துக்கு மேலே இருக்கிற எதிலும் ஆசை விட்டுப்போயிற்று. கொழும்புக் கரையில் ஒரு காலத்தில் பெரிய சிவன் கோயில் இருந்தது, போர்த்துக்கீசர் அதை இடித்தார்கள், கல்லெல்லாம் இந்த ஊருக்கு அடியில்தான் எங்கேயோ கிடக்கிறது என்பது அவருடைய முடிவு. ஆதாரம் கேட்டால் கோபம் வரும்.

“நிலத்துக்குக் கீழ கிடக்கிறதுக்கு, மேல நிண்டு ஆதாரம் கேட்டால் எப்பிடி?”

வெள்ளவத்தையில் அப்போதும், இப்போதும்தான், ஒழுங்கைக்கு ஒழுங்கை பழைய வீடுகளை உடைத்து ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிளாட் என்றால் முதலில் அத்திவாரத்துக்கு வெட்டுகிற கிடங்கு. கிடங்கு என்றால் அப்பா. கடற்கரைப் பக்கத்துக் கிடங்குகளில் உப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், அதை இறைக்கிற பம்ப் நாள் முழுக்க இரையும். அந்த விளிம்பில் குடையோடு நின்று அடுக்கடுக்கான மண் படைகளை எட்டி எட்டிப் பார்ப்பார். காவலாளிகள் அவருக்கு ‘வல அங்கிள்’ என்று பேர் வைத்தார்கள். சிங்களத்தில் வல என்றால் கிடங்கு. எங்கள் ஃபிளாட்டுப் பிள்ளைகள் அதைத் தமிழ்ப்படுத்திக் ‘கிடங்கு அங்கிள்’ ஆக்கினார்கள். அப்பாவுக்கு இரண்டும் பிடித்திருந்தது.

கிடைத்ததையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஓட்டுத் துண்டுகள், பச்சைப் போத்தல் ஒன்றின் அடி, உடைந்த சங்கு. மாட்டு எலும்பு ஒன்றும் கிடந்தது. அதை அம்மா கண்டுபிடித்த அன்று டின் பால்கனிக்குக் குடிபெயர்ந்தது.

ஒருமுறை கொலன்னாவையில் குகை இருக்கிறதென்று யாரோ சொல்ல, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பற்றைக்குள் வட்டமான இரும்பு மூடி ஒன்று. அப்பா அதில் காதை வைத்துத் தட்டி, “உள்ளுக்கு மண்டபம் இருக்கு, கேக்குதோ?” என்றார். எனக்கு டீசல் மணம்தான் வந்தது. எண்ணெய்த் தாங்கிகள் வரிசையாக நிற்கிற ஊரில் நிலத்துக்குக் கீழே வேறென்ன இருக்கும்? தூரத்தில் யாரோ விசில் ஊதினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அவருக்குப் பின்னால் ஓடமுடியாமல் நான் சிரித்துச் சிரித்துப் பற்றைக்குள் விழுந்தேன்.

இவ்வளவு தேடியும் சிவன் கோயில் அகப்படவில்லை. அகப்பட்டது சேவியர்.

ஏணி வைத்தவர்

ஒரு நாள் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அப்பா வரவில்லை என்று அம்மா என்னை அனுப்பினார். நான் போனபோது அப்பா ஒரு கிடங்கின் அடியில், மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சேறு பூசிய சப்பாத்தோடு ஓர் இளைஞர் மண் படையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டட வேலையின் என்ஜினியர்.

“இவர்தான் சேவியர். கொழும்பிலயே எனக்கு ஏணி வச்சு இறக்கிவிட்ட முதல் மனுசன்!” என்று கீழேயிருந்து கத்தினார் அப்பா.

சேவியர் எனக்கும் ஏணி வைத்தார். இறங்கினேன். அதற்குப் பிறகு நான் ஏறவேயில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தபோது எல்லாம் மாறிப்போனது. கிடங்குக்குள் இருக்கும்வரை தங்கமான பிள்ளை, மருமகனாக வருவதென்றால் வேதக்காரன். கத்தோலிக்கரை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்லுவார்கள். அப்பா கத்தவில்லை. கிடங்குகளுக்குப் போவதை நிறுத்தினார், என்னோடு கதைப்பதையும் நிறுத்தினார். இரண்டில் எது அவருக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா ஓம் என்று சொல்லாமல் கழுத்தை நீட்டுவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். சேவியருக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது பெரியம்மா ராணி, கொட்டாஞ்சேனையில். பெண்ணின் தகப்பன் வந்து பேசாமல் இந்த வீட்டில் கலியாணம் இல்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அப்பாவோ வளர்த்தது யார், வீடு எங்கே என்றுகூடக் கேட்காமல், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று நின்றார். காத்திருப்பேன் என்றார் சேவியர். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

தபசு இருக்கிற குடும்பம்

அப்படி இருக்கும்போதுதான், ராணி அன்ரி வீட்டுப் பின்வளவில் புதுக் கக்கூஸுக்குக் கிடங்கு வெட்டப்போய் நிலம் உள்ளே இறங்கிவிட்டது. கீழே எட்டிப் பார்த்தால் செங்கல் வளைவு.

சேவியர் செய்தது ஒன்றே ஒன்றுதான். வெள்ளவத்தையில் ஓர் அங்கிள் இருக்கிறார், பழைய கட்டடமென்றால் உயிர் என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார். அந்த அங்கிள் யார் என்று பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. தன் பேரைச் சொன்னால் அவர் வரமாட்டார், தங்களுக்குள் சின்ன மனஸ்தாபம் என்று மட்டும் சொல்லி வைத்தாராம். மற்றதெல்லாம் தமிழ் பார்த்துக்கொண்டது.

அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் ஃபோன் கதைப்பார். நான் பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

“ஹலோ, கொட்டாஞ்சேனையில இருந்து ராணி கதைக்கிறன். அங்கிளுக்குப் பழைய கட்டடமெல்லாம் தெரியுமாம் எண்டு சொன்னாங்க.”

“கொஞ்சம் பாக்கிறனான். சொல்லுங்கோ.”

“எங்கட வீட்டுப் பின்னுக்குக் கிடங்கு வெட்டக்குள்ள நிலம் உள்ளுக்குப் போயிட்டுது. கீழ அறை மாதிரி இருக்கு. அங்க ஒரு பீடம்.”

“பீடமோ!” அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

“ஓம் அங்கிள். எங்கட சுவாமி வந்து எட்டிப் பாத்தவர்.”

“சுவாமி என்ன சொன்னவர்?”

“பழைய கோயிலா இருக்கலாம் எண்டார். ஒல்லாந்தன்ட காலத்தில ஒளிச்சுப் பூசை வச்ச இடமா இருக்குமாம்.”

நான் மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், ஆண்டபோது கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. கத்தோலிக்கத் தமிழர் தேவாலயத்தைக் கோயில் என்பார்கள், பாதிரியாரைச் சுவாமி என்பார்கள், அவர் வைக்கிற வழிபாட்டைப் பூசை என்பார்கள். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒருவன் வாழ்நாளெல்லாம் காத்திருந்த செய்தி வரும்போது அகராதியா பார்ப்பான்?

“எப்ப வரலாம் பிள்ளை?” என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமை வாங்க அங்கிள், பகல் சாப்பாடும் இங்கதான். தபசு காலம் தானே, வீட்டில மச்சமில்ல. மரக்கறி தான் சமைக்கிறது.”

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களைத்தான் ராணி அன்ரி சொன்னார். அப்பா ஃபோனை வைத்துவிட்டுக் குசினி வாசலுக்குப் போய் நின்றார்.

“இஞ்ச பாரப்பா. கொட்டாஞ்சேனையில, இந்தக் காலத்திலயும், தபசு இருக்கிற சைவக் குடும்பம் ஒண்டு இருக்கு!”

அம்மா என்னைப் பார்த்தார். நான் மடித்த துணியெல்லாவற்றையும் முகத்தில் வைத்துக்கொண்டு அறைக்குள் ஓடினேன்.

வாசலில்

கொட்டாஞ்சேனையில் ஓட்டோவிலிருந்து இறங்கும்போது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

கதவைத் திறந்தது ராணி அன்ரிதான். உயரமான, பூப்போட்ட சட்டை போட்ட பெண்மணி. என்னை அவர் அதற்கு முன் கண்டதில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம், கீழே சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அலுமாரி மேலே மாதா சுரூபம். அப்பா அதைப் பார்த்தார். ராணி அன்ரி அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு தேங்காயைப் பார்த்தார்.

“நீங்க... சைவமா?”

“நீங்கள்... வேதமோ?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கேட்டார்கள். பதில் வருவதற்குள் பின்வளவிலிருந்து கையில் கயிறோடு சேவியர் வந்து நின்றார். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. ராணி அன்ரிக்கும் அப்போதுதான் விளங்கியது.

“ஐயோ மகனே, இவரா?” என்று வாயில் கை வைத்தார்.

அப்பா திரும்பினார். ஒரு கால் படியில் இறங்கிவிட்டது. போய்விடப்போகிறார், இனி எந்தக் காலத்திலும் இந்தக் கலியாணம் நடக்காது என்று நினைத்தேன். ஆனால் அந்த வீட்டின் பின்கதவு திறந்திருந்தது. அதன் வழியாகத் தோண்டிப்போட்ட மண் தெரிந்தது. கறுத்த, ஈரமான, பழைய மண். அதன் மேலே ஒரு முழுச் செங்கல்.

அப்பாவின் கண் அந்தச் செங்கல்லில் போய் நின்றது. பிறகு யாருடைய முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

“கிடங்கு எங்க?”

கீழே

சேவியர் ஓரமெல்லாம் பலகை கொடுத்துப் பலப்படுத்தி வைத்திருந்தார். முதலில் அவர் இறங்கினார், பிறகு அப்பா, நான். கடைசியாக ராணி அன்ரி, கையில் செபமாலையும் மெழுகுதிரியும்.

உள்ளே குளிர்ந்தது. சுண்ணாம்பும் ஈர மண்ணும் கலந்த மணம். தலைக்கு மேலே செங்கல் வளைவு அழகாகக் குனிந்து நின்றது, இடுக்கால் யாரோ வீட்டு மாமரத்தின் வேர் தொங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மேலே பஸ் ஹோர்ன் அடிக்கிற, மீன்காரர் கூவுகிற அதே கொட்டாஞ்சேனைதான். அதற்குக் கீழே இப்படி ஓர் இருட்டு சத்தம்போடாமல் இருந்திருக்கிறது. பிறகு வந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர் தண்ணீர்த் தொட்டி என்றார், இன்னொருவர் சாராயம் வைத்த நிலவறை என்றார். அந்த வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

அந்த அறையின் கடைசியில், மண்ணில் பாதி புதைந்து, நீள்சதுரமாய் ஒரு கல்.

“பலிபீடம்” என்றார் அப்பா மெதுவாக.

“பலிபீடம்” என்றார் ராணி அன்ரியும். அவர்களுடைய கோயிலிலும் அது பலிபீடம்தான்.

அப்பா பூவை வைத்துக் கற்பூரம் கொளுத்தினார். ராணி அன்ரி மறுபக்கம் மெழுகுதிரியை நட்டு முழந்தாளிட்டார். ஒருவர் தேவாரம், மற்றவர் செபம், யாரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சத்தம் கூடிக்கூடிப் போனது. அந்தச் சின்னக் கிடங்குக்கு அந்தக் கற்பூரக் கட்டி பெரிது என்பது எவருக்கும் தோன்றவில்லை. புகை வளைவு முழுக்கச் சுருண்டது. தேவாரமும் இருமியது, செபமும் இருமியது. நாலு பேரும் ஏணியடிக்கு ஓடிவந்து, மேலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினோம்.

புகை அடங்கும்வரை அங்கேயே நின்றோம். ராணி அன்ரிதான் தொடங்கினார்.

“ஒல்லாந்தன் எங்கட சுவாமிமாரைத் துரத்தித் துரத்திப் பிடிச்சவன் அங்கிள். பூசை காண எங்கட ஆக்கள் இப்பிடித்தான் ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தாங்களாம்.”

“எங்கட ஆக்கள் மட்டும் என்ன? விரதத்துக்குச் சாப்பிட்ட வாழையிலையைக் கூட வெளியில போடேலாது. கூரைக்குள்ள செருகி ஒளிச்சவை. இலையைக் கண்டால் தண்டனை.”

“சாப்பிட்ட இலையையா?” ராணி அன்ரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “பாவம்.”

ஒளித்துக் கும்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் ஓர் ஏணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நிமிடத்தில் நான் அவர்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். இருமல் விடவில்லை.

எழுத்து

புகை போனதும் சேவியர் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா பிரஷை நனைத்துக் கல்லைத் தேய்த்தார். கறுப்பு மண் கரைந்து ஓடியது.

“எழுத்து!” அப்பாவின் சத்தத்தில் மெழுகுதிரி அணைந்தது. “டோர்ச்சைப் பிடி, பிள்ளை! எழுத்து இருக்கு!”

நான் டோர்ச் அடித்தேன். கல் முழுக்கப் புள்ளி புள்ளியாய்க் கொத்தியிருந்தது.

“வட்டெழுத்தோ?” என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

ராணி அன்ரி குனிந்து உள்ளங்கையைக் கல்லில் வைத்தார். நடுவில் கொஞ்சம் தேய்ந்து குழிந்திருந்தது. அவருடைய கை தன்பாட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் போய்வந்தது. இரண்டாம் தரமும் போய்வந்தது.

“அங்கிள்,” என்றார் பயந்துகொண்டு, “இது அம்மியெல்லோ?”

“இல்லை.”

“இது அம்மியைப் பொளிஞ்சு கொத்தின புள்ளி அங்கிள். எத்தின வருசம் அரைச்ச கை, எனக்குத் தெரியாதா?”

“இல்லையம்மா, வடிவாப் பாருங்கோ...”

சேவியர் சுவரோரம் மண்ணை விலக்கினார். உருண்டு நீண்ட கல் ஒன்று வெளியே வந்தது. துடைத்துக் கொண்டுவந்து மேலே வைத்தார். குழவி அம்மியில் சரியாகப் போய் இருந்தது.

பொய்க்குக் கூட்டிவந்து, வேதக்கார வீட்டுக் கக்கூஸ் கிடங்கில் இறக்கி, யாரோ மிளகாய் அரைத்த கல்லுக்குக் கற்பூரம் காட்ட வைத்துவிட்டோம். இனி இந்த மனுசன் என்னோடு இந்த ஜன்மத்தில் கதைக்கப்போவதில்லை என்று நான் நினைத்தேன். சேவியர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பதறிப்போய்க் கிட்டே போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், கண்ணில் தண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“வாழ்க்கை முழுக்கச் சிவனைத் தேடினனான்,” என்றார் மூச்சு வாங்கி. “கடைசியில ஆருடையோ சம்பலுக்கு அரோகரா சொல்லிப்போட்டன்!”

“நான் அதுக்கு முழங்கால்ல நிண்டு செபமெல்லோ சொன்னனான்!” என்றார் ராணி அன்ரி.

அதற்குப் பிறகு யார் யாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம் என்று தெரியாது. சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்து, “மொகத? மொகத?” என்று கேட்டார், என்ன நடந்தது என்று.

சிரித்து முடிந்ததும் அப்பா வேட்டித் தலைப்பால் கல்லை ஈரம் போகத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து சேவியரைப் பார்த்தார்.

“எங்கட கலியாணத்தில அம்மி மிதிக்கிறது எண்டு ஒண்டு இருக்கு. மாப்பிள்ளைதான் குனிஞ்சு, பொம்பிளையின்ர காலைப் பிடிச்சு, அம்மியில தூக்கி வைக்கவேணும். உமக்கு ஏலுமோ?”

ராணி அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். சேவியர் சேறு அப்பிய என் கால்களைப் பார்த்தார்.

“எந்தக் காலை அங்கிள்?”

“வலது காலை,” என்றார் அப்பா, “மகன்.”